எபேசு முதல் உதயம்பேரூர் வரை: நெஸ்தோரியுஸ் வழக்கு
(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



53 மணி செபமாலை சொல்லி முடிக்கும்போது, 53 முறை நாம் அன்னை மரியாவை இறைவனின் தாய் என்று அழைத்துவிடுகிறோம். நம் பாட்டிமார் சர்வேசுரனுடைய மாதா என்று சொன்னார்கள். சொல் மாறினாலும் பொருள் ஒன்றுதான். நாவுக்குப் பழகிப்போன இந்தப் பட்டத்துக்காக ஒரு காலத்தில் ஆயர்கள் ஒருவரையொருவர் பதவி நீக்கம் செய்தார்கள், பேரரசர் தலையிட்டார், ஓர் ஆயர் பாலைவனத்துக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஆயரின் பெயர் நெஸ்தோரியுஸ்.

இது எங்கோ தூரதேசத்தில் நடந்து முடிந்த கதை என்று எண்ண வேண்டாம். அந்த வழக்கின் அலை 1,168 ஆண்டுகளுக்குப் பிறகு, மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம், கொச்சிக்கு அருகே உள்ள உதயம்பேரூரில் வந்து மோதியது. அங்கே அதில் பங்குகொண்ட ஓர் இயேசு சபைக் குருவின் பெயர், பின்னர் நம் மதுரை மறைப்பணி வரலாற்றிலும் இடம்பெற்றது. ஆகவே இது நம் வீட்டுக் கதையும்கூட.

இக்கதையைக் கேட்கும்போது நற்செய்தியில் வரும் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்வோம். யோவான் நற்செய்தி 7-ஆம் அதிகாரத்தில், இயேசுவைப் பிடித்துவரத் தலைமைக் குருக்களும் பரிசேயரும் துடிக்கிறார்கள். அப்போது நீக்கொதேம் எழுந்து ஒன்றைக் கேட்கிறார்: ஒருவர் சொல்வதைக் கேட்காமலும், அவர் செய்தது என்ன என்று அறியாமலும் அவருக்குத் தீர்ப்பிடுவது நம் சட்டத்துக்குப் பொருந்துமா? நீக்கொதேம் இயேசுவுக்காகப் பெரிதாக வாதாடவில்லை. முதலில் கேளுங்கள் என்று மட்டுமே சொன்னார். அதற்கே அவருக்கு ஏச்சுத்தான் கிடைத்தது.

நெஸ்தோரியுஸ் யார்?

நெஸ்தோரியுஸ் இன்றைய துருக்கி நாட்டிலுள்ள ஜெர்மானிக்கியா என்னும் ஊரில் பிறந்தவர். அந்தியோக்கியாவுக்கு அருகே துறவியாக வாழ்ந்தவர், சிறந்த மறையுரையாளர். அவருடைய பேச்சாற்றலைக் கேள்விப்பட்ட பேரரசர் இரண்டாம் தெயோதோசியுஸ், 428-ஆம் ஆண்டில் அவரைத் தலைநகர் கான்ஸ்தாந்திநோபிளின் ஆயராக்கினார்.

வந்த வேகத்தில் அவர் தப்பறைகளை ஒழிக்கப் புறப்பட்டார். பொறுப்பேற்ற சில நாள்களிலேயே ஆரியுஸ் கொள்கையினரின் ஆலயத்தின்மீது நடவடிக்கை எடுத்தார். அது தீயில் எரிந்துபோனது. தப்பறையாளர்களைத் துடைத்தெடுக்கத் தமக்கு உதவும்படி பேரரசரையே அவர் மறையுரையில் கேட்டதாக அக்கால வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். மற்றவர்களின் தவற்றைப் பொறுக்காத இந்த மனிதருக்கு எதிராகத்தான் விரைவில் அதே குற்றச்சாட்டு எழுந்தது.

அந்நகரில் சிலர் மரியாவை இறைவனின் தாய் என்றும், வேறு சிலர் மனிதரின் தாய் என்றும் அழைத்து வாதிட்டுக்கொண்டிருந்தனர். நெஸ்தோரியுஸ் நடுவழி ஒன்றைக் காட்ட நினைத்தார். கிறிஸ்துவின் தாய் என்று அழைப்போம், அதில் எல்லாம் அடங்கிவிடும் என்றார். கடவுளுக்குத் தொடக்கம் இல்லை. அவர் பசிப்பதில்லை, சாவதில்லை. அப்படியிருக்க, கடவுள் பிறந்தார் என்று சொன்னால், இறைமகன் தந்தையைவிடக் கீழானவர் என்ற ஆரியுஸ் கொள்கைக்கு அது இடம் கொடுத்துவிடும் என்று அவர் அஞ்சினார். தார்சு தியோதோர், மோப்சுவெஸ்தியா தெயோதோர் போன்ற அந்தியோக்கிய ஆசிரியர்களின் பள்ளியில் வளர்ந்தவர்களுக்கு இந்த அச்சம் இயல்பானது. கிறிஸ்துவின் இறை இயல்பையும் மனித இயல்பையும் கலந்துவிடாமல் காப்பதே அவர்களுடைய கவலை.

எகிப்தில் அலெக்சாந்திரியா ஆயராயிருந்த புனித சிரிலுக்கு வேறொரு கவலை. மரியாவிடம் பிறந்தவர் கடவுள் இல்லையென்றால், சிலுவையில் தொங்கியவர் யார்? வெறும் மனிதர் நம்மை எப்படி மீட்க முடியும்? ஒரு தாய் தன் பிள்ளைக்கு ஆன்மாவைக் கொடுப்பதில்லை. ஆன்மா கடவுளிடமிருந்து வருகிறது. ஆனாலும், இவள் இவனுடைய உடலுக்குத் தாய் என்று எந்த ஊரிலும் யாரும் சொல்வதில்லை. இவள் இவனுடைய தாய் என்றுதான் சொல்கிறோம். தாய் பெற்றெடுப்பது ஓர் ஆளை. மரியா பெற்றெடுத்த ஆள் இறைமகன். அதனால் அவர் இறைவனின் தாய். எலிசபெத்தும் மரியாவைத் தம் ஆண்டவரின் தாய் என்றே வரவேற்றதாக லூக்கா எழுதுகிறார்.

அன்பர்களே, இதில் சிரில் சொன்னதே திருஅவையின் நம்பிக்கை. அதில் ஐயமில்லை. ஆனால் இரு தரப்பினரும் பேசிய சொற்களில் ஒரு சிக்கல் இருந்தது. கிலோ, லிட்டர் வருவதற்கு முன்பு தானியத்தைப் படியால் அளந்த காலத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். ஒரு பகுதியின் படியும் இன்னொரு பகுதியின் படியும் ஒரே அளவாக இருக்காது. பத்துப் படி என்று இருவரும் சொல்வார்கள். மூட்டையை அவிழ்த்து அளக்கும்போதுதான் சண்டை வரும். இயல்பு, ஆள் ஆகியவற்றைக் குறித்த கிரேக்கச் சொற்களின் நிலையும் அதுதான். அலெக்சாந்திரியாவில் ஆள் என்ற பொருளில் வழங்கிய சொல், அந்தியோக்கியாவில் இயல்பு என்ற பொருளைத் தந்தது. ஒருவர் ஒருமையைக் காக்கப் பேசியது மற்றவருக்குக் கலப்படமாகக் கேட்டது. மற்றவர் வேறுபாட்டைக் காக்கப் பேசியது இவருக்குப் பிளவாகக் கேட்டது.

எபேசில் நடந்தது

இரு தரப்பும் உரோமைக்கு எழுதின. திருத்தந்தை முதலாம் செலஸ்தின் 430-ஆம் ஆண்டில் நெஸ்தோரியுசின் போதனையைத் தவறு என்று தீர்த்து, அதைத் திரும்பப் பெறும்படி கேட்டார். பேரரசரோ எபேசு நகரில் பொதுச்சங்கத்தைக் கூட்டினார்.

431-ஆம் ஆண்டு ஜூன் மாதம். அந்தியோக்கிய ஆயர் யோவானும் அவரோடு வந்த கீழைநாட்டு ஆயர்களும் வழியில் தாமதமானார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட ஆயர்கள் அவர்கள் வரும்வரை பொறுங்கள் என்று கேட்டும், பேரரசரின் பிரதிநிதி தடுத்தும், ஜூன் 22 அன்று சிரில் சங்கத்தைத் தொடங்கிவிட்டார். நெஸ்தோரியுசுக்கு மூன்று முறை அழைப்பு அனுப்பப்பட்டது. எல்லா ஆயர்களும் வந்து சேரட்டும் என்று அவர் வர மறுத்தார். அன்று மாலைக்குள் ஏறக்குறைய 200 ஆயர்கள் அவரைப் பதவி நீக்கம் செய்து கையெழுத்திட்டனர். எபேசு மக்கள் மகிழ்ச்சியில் தீப்பந்தங்களை ஏந்தி ஆயர்களை அவர்கள் தங்கியிருந்த வீடுகள்வரை அழைத்துச் சென்றார்கள்.

நான்கு நாள்கள் கழித்து யோவான் வந்து சேர்ந்தார். தமக்காகக் காத்திருக்கவில்லை என்று சினந்து, தம்மோடு இருந்த ஆயர்களைக் கூட்டி, சிரிலைப் பதவி நீக்கம் செய்தார். ஜூலையில் திருத்தந்தையின் தூதர்கள் வந்து, சிரில் நடத்திய சங்கத்தின் தீர்ப்பை உறுதி செய்தார்கள். பேரரசரோ முதலில் இரு தரப்புத் தலைவர்களையும் காவலில் வைத்தார். தலைநகரில் ஆதரவைப் பெற அலெக்சாந்திரியாவிலிருந்து விலையுயர்ந்த பரிசுகள் போனதும் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. புனிதர்களும் மனிதர்களே, தூய ஆவியார் அந்த மனிதர்களைக் கொண்டேதான் உண்மையைக் காத்தார்.

இந்தக் கதையில் நாம் அதிகம் பேசாத பகுதி அடுத்து வருகிறது. ஒருவரையொருவர் நீக்கிய சிரிலும் யோவானும் 433-ஆம் ஆண்டில் சமாதானம் ஆனார்கள். அந்தியோக்கியர் தயாரித்த ஒரு நம்பிக்கை அறிக்கையை சிரில் மகிழ்ச்சியோடு ஏற்றார். அதில் மரியா இறைவனின் தாய் என்பதும் இருந்தது. கிறிஸ்துவில் கலவாத இரு இயல்புகள் ஒன்றித்திருப்பதும் இருந்தது. சிரிலின் கவலையும் தீர்ந்தது, அந்தியோக்கியரின் கவலையும் தீர்ந்தது. பொறுமையாக உட்கார்ந்து கேட்டபோது, எதிரில் இருப்பவரும் அதே ஆண்டவரைத்தான் அறிக்கையிடுகிறார் என்று இருவரும் கண்டுகொண்டார்கள்.

அந்தச் சமாதானத்தில் நெஸ்தோரியுசுக்கு இடம் கிடைக்கவில்லை. யோவான் தம் பழைய நண்பரைக் கைவிட வேண்டியிருந்தது. 435-ஆம் ஆண்டில் அவருடைய நூல்களை எரிக்கும்படி பேரரசர் ஆணையிட்டார். எகிப்தின் பாலைவனத்துக்கு அனுப்பப்பட்ட நெஸ்தோரியுஸ் 450-ஆம் ஆண்டையொட்டி அங்கேயே இறந்தார். 451-ஆம் ஆண்டில் கல்செதோன் பொதுச்சங்கம், கிறிஸ்து ஒரே ஆள், அவரில் இரு இயல்புகள் கலவாமலும் பிரியாமலும் உள்ளன என்று அறிக்கையிட்டது.

ஒரு பெயர் மலபாருக்கு வந்த வழி

உரோமைப் பேரரசின் எல்லைக்கு வெளியே, பாரசீகத்தில், சிரியாக்க மொழி பேசிய பெரிய திருஅவை ஒன்று இருந்தது. அதைக் கீழைத் திருஅவை என்கிறோம். எபேசுச் சங்கத்தில் அதற்குப் பங்கு இல்லை. அதன் குருக்கள் மோப்சுவெஸ்தியா தெயோதோரின் விவிலிய விளக்கங்களைப் படித்து வளர்ந்தவர்கள். எதேசா நகரிலிருந்த அவர்களுடைய பள்ளியை 489-இல் பேரரசர் மூடியபோது, ஆசிரியர்கள் எல்லை தாண்டி நிசிபிஸ் நகருக்குப் போய்ப் பாடம் நடத்தினார்கள். தியோதோர், தெயோதோர், நெஸ்தோரியுஸ் ஆகிய மூவரையும் தங்கள் ஆசிரியர்களாக வழிபாட்டில் நினைவுகூர்ந்தார்கள்.

தெயோதோரின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. 428-இல் அவர் இறந்தபோது திருஅவையின் ஒன்றிப்பில் மதிப்புமிக்க ஆயராகவே இறந்தார். ஆனால் 553-இல் கூடிய இரண்டாம் கான்ஸ்தாந்திநோபிள் பொதுச்சங்கத்தில், இறந்து 125 ஆண்டுகளான அவரும் அவருடைய எழுத்துகளும் கண்டனத்துக்கு உள்ளாயின. இறந்த ஒருவர் எழுந்து வந்து விளக்கம் சொல்ல முடியாதே என்ற கேள்வியை அப்போதே சிலர் எழுப்பினார்கள்.

இந்தக் கீழைத் திருஅவையை மற்றவர்கள் நெஸ்தோரியர் என்று அழைத்தார்கள். நெஸ்தோரியுஸ் அதைத் தொடங்கவில்லை. அவர் அவர்களுடைய மொழியைப் பேசியவரும் இல்லை. இருந்தாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவர்களோ பாலைவனத்தையும் கடலையும் கடந்து நற்செய்தியைக் கொண்டுபோனார்கள். 635-இல் சீனத் தலைநகரை அடைந்தார்கள்; அந்தப் பணியைச் சொல்லும் 781-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனாவின் சியான் நகரில் இன்றும் இருக்கிறது. இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களின் சமூகம் ஒன்று இருந்ததையும், மிளகு விளையும் மலபாரில் கிறிஸ்தவர்கள் வாழ்ந்ததையும் 6-ஆம் நூற்றாண்டுப் பயணி கோஸ்மாஸ் குறித்துவைத்தார். கொல்லத்தில் சபீர் ஈசோ எழுப்பிய தரிசாப்பள்ளி ஆலயத்துக்கு 849-ஆம் ஆண்டையொட்டி வேணாட்டு அரசர் உரிமைகள் வழங்கிய செப்பேடு, வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. சென்னை பரங்கிமலைக்குத் திருப்பயணம் போனவர்கள் அங்கே பீடத்தில் உள்ள கற்சிலுவையைப் பார்த்திருப்பீர்கள். 1547-இல் கண்டெடுக்கப்பட்ட அதைச் சுற்றிப் பாரசீகரின் பகலவி எழுத்துகள் உள்ளன. நாம் தொட்டு முத்தமிடும் அந்தச் சிலுவையிலும் இந்தக் கீழைக் கிறிஸ்தவர்களின் கைரேகை இருக்கிறது.

மலபாரின் தோமா கிறிஸ்தவர்களுக்கு இந்தத் திருஅவையிலிருந்தே ஆயர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருவர் மார் யாக்கோபு. நம் புனித சவேரியார் 1549 ஜனவரியில் கொச்சியிலிருந்து போர்த்துக்கல் அரசருக்கு எழுதிய மடலில், 45 ஆண்டுகள் உழைத்து முதிர்ந்த இந்த ஆயரின் நற்பண்பையும் ஏழ்மையையும் எடுத்துச் சொல்லி, அவரைக் கவனித்துக்கொள்ளும்படி பரிந்துரைத்தார். சவேரியார் அவர்மீது எந்தப் பட்டத்தையும் ஒட்டவில்லை. ஒரு முதிய மேய்ப்பரையே அவர் பார்த்தார்.

உதயம்பேரூர், 1599

ஐம்பது ஆண்டுகளில் நிலைமை மாறியது. அங்கமாலி ஆயர் மார் ஆபிரகாம் 1597-இல் இறந்தார். அவர் உரோமைக்கே சென்று, 1565-இல் திருத்தந்தை நான்காம் பயசின் நியமன மடல்களைப் பெற்றுவந்தவர். என்றாலும் போர்த்துக்கீசியர் அவரைக் கடைசிவரை ஐயத்தோடே பார்த்தார்கள். அவருக்குப் பின் கோவா பேராயர் அலெய்சோ தெ மெனேசஸ் மலபாருக்கு வந்து, 1599 ஜூன் 20 முதல் 26 வரை உதயம்பேரூரில் ஒரு மன்றத்தைக் கூட்டினார். ஏறத்தாழ 150 குருக்களும், 600-க்கும் மேற்பட்ட பொதுநிலையினரும் வந்திருந்தார்கள்.

அங்கே நல்ல ஒழுங்குகளும் செய்யப்பட்டன. சகுனம், மந்திரம் பார்ப்பதை விலக்கும் விதிகள் அவற்றுள் சில. ஆனால் வந்திருந்த குருக்கள் ஒவ்வொருவரும் நெஸ்தோரியுசைச் சபிக்க வேண்டியிருந்தது. நெஸ்தோரியுஸ், தெயோதோர், தியோதோர் ஆகியோரின் பெயர்கள் வழிபாட்டிலிருந்து நீக்கப்பட்டன. சிரியாக்க நூல்கள் எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டும், அவற்றைத் திருத்த வேண்டும் அல்லது எரிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. தலைமுறை தலைமுறையாகக் கையால் எழுதிப் பாதுகாத்த நூல்கள் நெருப்பில் விழுந்தன. 435-இல் பேரரசர் இட்ட ஆணை, அதே பெயரின் பொருட்டு, மலபார் மண்ணில் மீண்டும் நிறைவேறியது.

போனது எவ்வளவு என்பதை, தப்பிய ஒன்றைக் கொண்டு ஊகிக்கலாம். வத்திக்கான் நூலகத்தில் சிரியாக்க வாசக நூல் ஒன்று இருக்கிறது. 1301-ஆம் ஆண்டு கொடுங்கல்லூரில் சக்கரியா என்னும் 14 வயதுத் திருத்தொண்டர் எழுதியது. நம் பங்கில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பீடச்சிறுவனின் வயது. இறைவார்த்தையைப் பக்கம் பக்கமாக எழுதிவைத்த அந்தப் பிள்ளையின் உழைப்பு தப்பியது. அவனைப்போல எழுதிய எத்தனையோ பேரின் உழைப்பு சாம்பலானது.

அந்த மக்கள் நெஸ்தோரியுசின் தப்பறையை நம்பினார்களா? கிறிஸ்து இரண்டு ஆள்கள் என்று மலபாரின் மிளகுத் தோட்டத்து விசுவாசி எவரும் வேண்டிக்கொண்டதில்லை. தம் மூதாதையர் ஆசிரியர் என்று மதித்த ஒருவரின் பெயரை அவர்களும் மதித்தார்கள், அவ்வளவே. அந்த மன்றம் திருஅவைச் சட்டப்படி செல்லத்தக்கதுதானா என்பதையே பிற்காலத்தில் கத்தோலிக்க அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். குரு யோனாஸ் தலியத்து 1958-இல் உரோமையில் வெளியிட்ட ஆய்வு, அது செல்லாது என்ற முடிவுக்கு வந்தது.

மனக்காயம் ஆறவில்லை. 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில் திரண்ட தோமா கிறிஸ்தவர்கள் சிலுவையில் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, அன்றைய பேராயருக்கும் இயேசு சபையாருக்கும் இனிக் கீழ்ப்படிய மாட்டோம் என்று ஆணையிட்டார்கள். அதைக் கூனன் குரிசு சத்தியம் என்கிறார்கள். ஒரே குடும்பமாக இருந்த திருஅவை உடைந்தது. அந்த உடைப்பு இன்றுவரை முழுவதும் சேரவில்லை.

மதுரைக்கு வந்த கேள்வி

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். சிரியாக்க மொழியை நன்கு கற்றிருந்த இயேசு சபைக் குரு பிரான்சிஸ்கோ ரோஸ், மலபார் நூல்களில் கண்ட நெஸ்தோரியத் தவறுகளைப் பட்டியலிட்டு 1587-ஆம் ஆண்டையொட்டி இலத்தீனில் ஒரு நூல் எழுதியவர். உதயம்பேரூர் மன்றத்துக்குப் பின் அவரே அங்கமாலி ஆயரானார், பிறகு கொடுங்கல்லூர் பேராயரானார். மதுரை மறைப்பணித்தளம் அவருடைய அதிகாரத்தின்கீழ் வந்தது. திண்டுக்கல் உள்ளிட்ட நம் பகுதி அப்போது மதுரை நாயக்கர் ஆட்சியில் இருந்தது.

1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, அதாவது நம் தத்துவ போதகர் சுவாமி, காவி உடுத்தி, சந்தனம் இட்டு, தமிழும் வடமொழியும் கற்று நற்செய்தி சொன்னார். அவர் கிறிஸ்தவத்தைக் கலப்படம் செய்கிறார் என்று உடன் பணியாளரிடமிருந்தே குற்றச்சாட்டு எழுந்தது. அது கோவாவுக்கும் உரோமைக்கும் போனது. தப்பறை பிடிப்பதில் பெயர் பெற்ற பேராயர் ரோஸ் என்ன செய்தார்? நொபிலியின் விளக்கத்தைக் கேட்டார், அவர் பக்கம் நின்றார். 1619-இல் கோவாவில் கூடிய அவையில் பேராயர் உள்ளிட்ட பலர் நொபிலியை எதிர்த்தபோதும் ரோஸ் விலகவில்லை. நொபிலியும் தம் வழக்கை இலத்தீனில் விரிவாக எழுதி அனுப்பினார். உரோமை அதைப் படித்தது. 1623 ஜனவரி 31 அன்று திருத்தந்தை 15-ஆம் கிரகோரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

நொபிலியின் முறை சாதி வேறுபாட்டுக்கு இடம் கொடுத்தது என்ற விமர்சனம் உண்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது, அவருக்குப் பேச ஒரு வாய்ப்புக் கிடைத்தது என்பதையே. அதே தலைமுறையில், மலையின் மேற்கே நூல்கள் விளக்கம் சொல்ல வாய்ப்பின்றி எரிந்தன. மலையின் கிழக்கே ஒரு குருவின் விளக்கம் உரோமைவரை சென்று கேட்கப்பட்டது. அதன் பலனாக வளர்ந்த மறைப்பணியிலிருந்துதான் நம் பகுதியின் கிறிஸ்தவ வாழ்வும் கிளைத்தது.

தாமதமாக வந்த வாக்குமூலம்

நெஸ்தோரியுஸ் பாலைவனத்தில் இருந்தபோது தம் தரப்பை ஒரு நூலாக எழுதியிருந்தார். ஹெராக்ளிதெசின் நூல் என்று வேறொருவர் பெயரில் அது கீழைத் திருஅவையினரிடம் சிரியாக்க மொழிபெயர்ப்பில் மறைந்து கிடந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டுபிடிக்கப்பட்டு, 1910-இல் பவுல் பெட்ஜான் என்னும் கத்தோலிக்கக் குருவால் அச்சேறியது. 15 நூற்றாண்டுகளுக்குப் பிறகு உலகம் அந்த மனிதரின் பேச்சை முழுமையாகக் கேட்டது.

கிறிஸ்துவை இரண்டு ஆள்களாகப் பிரித்தேன் என்பதை அதில் அவர் மறுக்கிறார். திருத்தந்தை பெரிய லியோவின் மடலைக் கண்டபோது, தாம் நம்பியது அதுவே என்று மகிழ்ந்ததாகச் சொல்கிறார். இன்னும் ஒன்று சொல்கிறார்: தம் பெயரைச் சொல்லி யாரும் லியோவை எதிர்த்துவிடக் கூடாது, உண்மை வாழுமானால், தம் பெயர் சபிக்கப்பட்டாலும் பரவாயில்லை. அவர் உண்மையில் என்ன நம்பினார் என்பதில் அறிஞர்கள் இன்றும் ஒரே கருத்துக்கு வரவில்லை. அவருடைய விளக்கம் போதாது என்பாரும் உண்டு. எபேசுச் சங்கத்தின் நம்பிக்கை உண்மையில் அணுவளவும் மாற்றமில்லை. ஆனால், கடின உள்ளத்துத் தப்பறையாளர் என்று நாம் வரைந்துவைத்த படத்தில் ஒரு மனித முகம் தெரியத் தொடங்கியிருக்கிறது.

1994 நவம்பர் 11 அன்று, திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுலும் கீழை அசீரியத் திருஅவையின் முதுபெரும் தந்தை மார் நான்காம் தின்காவும் வத்திக்கானில் கிறிஸ்துவைப் பற்றிய ஒரு பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். பழைய பிளவுக்குப் பெருமளவு தவறான புரிதல்களே காரணம் என்று அது ஏற்றுக்கொண்டது. நாம் இறைவனின் தாய் என்று வேண்டுகிறோம். அவர்கள் நம் கடவுளும் மீட்பருமான கிறிஸ்துவின் தாய் என்று வேண்டுகிறார்கள். இரண்டும் ஒரே நம்பிக்கையின் இரு சொல்வழக்குகள் என்று இருவரும் அறிந்தேற்றார்கள். கேரளத்தின் திருச்சூரில் அந்தத் திருஅவையின் பெரிய ஆலயம் இருக்கிறது. அதன் பெயர் மார்த் மரியம், அதாவது தூய மரியா ஆலயம். அன்னையை மதிக்காதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் தங்கள் தலையாய ஆலயத்துக்கு அன்னையின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

2024 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், அத்திருஅவையில் 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த நினிவே ஈசாக்கின் பெயரை உரோமைப் புனிதர் பட்டியல் நூலில் சேர்ப்பதாக அறிவித்தார். நெஸ்தோரியர் என்று நாம் ஒதுக்கிய சபையின் ஆயர் ஒருவர், இன்று நமக்கும் புனிதர்.

நமக்கு என்ன?

அன்பார்ந்தவர்களே, நம் ஊரில் பொதுச்சங்கம் கூடுவதில்லை. அன்பியம் கூடுகிறது, பங்குப் பேரவை கூடுகிறது, குடும்பப் பஞ்சாயத்து கூடுகிறது, தேநீர்க் கடையிலும் ஓர் அவை கூடுகிறது. எபேசில் நடந்தது அங்கெல்லாம் நடக்கிறது. ஒருவர் வந்து சேருமுன்பே அவரைப் பற்றிய தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. அன்பியத் தலைவியிடம் கணக்குக் கேட்ட பெண்ணுக்குச் சண்டைக்காரி என்று பெயர். வேறு சபையில் பெண் எடுத்தவருக்கு மதம் மாறியவர் என்று பெயர். அந்தப் பெயர் அவருடைய பிள்ளைகளுக்கும் ஒட்டுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து உண்மை தெரியும்போது, அவர் ஆலயத்துக்கு வருவதையே நிறுத்தியிருப்பார்.

தவற்றைத் தவறு என்று சொல்லத்தான் வேண்டும். சிரில் பேசாமல் இருந்திருந்தால் நம் நம்பிக்கைக்கு ஆபத்து நேர்ந்திருக்கும். ஆனால் அதே சிரில் 433-இல் எதிர்த்தரப்பின் அறிக்கையை வாங்கிப் படித்தார், மகிழ்ந்தார், கைகொடுத்தார். உண்மையைக் காத்த சிரிலை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். சமாதானம் செய்த சிரிலை மறந்துவிடுகிறோம். இருவரும் ஒரே புனிதர்தான்.

இந்த வாரம் உங்கள் வீட்டில், உங்கள் அன்பியத்தில், யாருடைய பெயர் கெட்டுக்கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அவர் தரப்பை அவர் வாயாலேயே நீங்கள் கேட்டதுண்டா? கேட்ட பிறகும் அவர் செய்தது தவறாகவே இருக்கலாம். அப்போதும் அது, கேட்டபின் அன்போடு சொல்லப்படும் தீர்ப்பாக இருக்கட்டும்.

செபிப்போம்: இறைமகனைப் பெற்றெடுத்த அன்னையே, உம்முடைய பெயரை முன்னிட்டுப் பிரிந்துபோன உம் பிள்ளைகளை ஒன்றுசேரும். உண்மையை அஞ்சாமல் சொல்லும் துணிவையும், அடுத்தவர் பேசுவதைப் பொறுமையோடு கேட்கும் உள்ளத்தையும் எங்களுக்குப் பெற்றுத் தாரும். ஆமென்.